மிஸ்ஸிடம் நாங்கள் சொன்ன பிள்ளை

மெல்பேர்ணில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் ஒரு மண்டபத்தில் சந்தித்தால், வடை வருவதற்கு முன்னமே "பிள்ளை எப்பிடி?" என்ற கேள்வி வந்துவிடும். பிள்ளைக்குத் தடிமன் காய்ச்சல் ஏதும் உண்டா என்று அவர்கள் கேட்கவில்லை. எந்தப் பள்ளிக்கூடம், கெட்டிக்காரரைப் பொறுக்கி எடுக்கிற செலக்ரிவ் பரீட்சை எடுக்கிறதா, ரியூசனுக்கு எங்கே விடுகிறீர்கள் என்பதுதான் அதன் அர்த்தம். கெட்டித்தனம் பிறவியில் வருவது என்று இங்கே பள்ளிக்கூடங்கள் சொல்கின்றன. எங்கள் ஆட்கள் அதை மறுப்பதில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று சனி ஞாயிறுகளில் ரியூசனுக்கும் விட்டுவிடுவார்கள்.

என் மகளையும் விட்டோம். ஒரே மாதிரியான கணக்கை ஒரு பக்கம் முழுக்க ஏன் செய்ய வேண்டும், முதலாவதிலேயே விளங்கிவிட்டதே என்று அவள் மாஸ்ரரிடம் கேட்டாளாம். மாஸ்ரர் பொறுமையான மனிதர். சில கிழமைகள் பதில் சொல்லிப் பார்த்தார். பிறகு, "பிள்ளை இன்னும் கொஞ்சம் வளரட்டும்" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். ரியூசனில் இருந்து திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளை எங்கள் சுற்றுவட்டாரத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

வீட்டிலும் அதே கதைதான். பால் ஏன் பொங்குகிறது, தண்ணீர் ஏன் அப்படிப் பொங்குவதில்லை, அம்மம்மாவின் தாய்க்கு முதல் இருந்தவரின் பெயர் ஏன் ஒருவருக்கும் தெரியாது. நான் மல்கிரேவில் ஒரு கம்பனியில் நாள் முழுக்கத் திரையைப் பார்த்துவிட்டு வருகிறவன். "அம்மாவைக் கேள்" என்பேன். என் மனைவி நோபல் பார்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாகக் கால் கடுக்க நின்று வேலை செய்துவிட்டு வருகிறவள். "அப்பாவைக் கேள்" என்பாள். மகள் குசினிக்கும் ஹோலுக்கும் நடந்து களைத்துப் போவாள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் எங்களுக்கு ஒரே பதில் இருந்தது. "வாயை மூடிக்கொண்டு சாப்பிடு."

அவள் ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோதுதான் புதன் வகுப்பைப் பற்றித் தெரியவந்தது. எங்கள் பக்கத்து அரசாங்கப் பள்ளிக்கூடங்கள் சில ஒன்றுசேர்ந்து, மேல்வகுப்புப் பிள்ளைகளில் 'கிஃப்ரட்', அதாவது பிறவிக் கெட்டிக்காரர், என்று கண்டுபிடித்தவர்களைப் புதன்கிழமைகளில் ஒரே இடத்தில் கூட்டித் தனியாகப் படிப்பித்தன. முதலில் வகுப்பு ரீச்சர் பிள்ளையின் பெயரைக் கொடுக்க வேண்டும். பிறகு அதற்குப் பொறுப்பான மிஸ் தாய் தகப்பனைக் கூப்பிட்டுக் கதைப்பார். அவருக்குத் திருப்தி என்றால் உளவியலாளர் ஒருவர் பரீட்சை வைப்பார். மூன்று வாசல், மூன்றையும் தாண்டினால் புதன்கிழமை.

மகளுக்கு அந்த வகுப்பில் ஒரு விசயம்தான் பிடித்திருந்தது. அங்கே போகிற பெடியன் ஒருவன் அவளிடம் சொல்லியிருக்கிறான், கேள்வி கேட்கக் கை உயர்த்தவே தேவையில்லையாம், கேட்டால் "பிறகு பார்க்கலாம்" என்று ரீச்சர் சொல்வதும் இல்லையாம். அவளுடைய சாதாரண வகுப்பில் மற்றப் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும் என்பதற்காக அவளுக்கு ஒரு பாடத்துக்கு ஒரு கேள்வி என்று அளந்துதான் கொடுத்திருந்தார்கள். அந்த ஒன்றை எதற்குச் செலவழிப்பது என்று யோசிப்பதிலேயே பாடம் முடிந்துவிடுகிறது என்று ஒருநாள் சொல்லி அழுதாள். எனக்கு அது பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது, மறைத்துக்கொண்டேன்.

அதனால், வகுப்பு ரீச்சர் மகளின் பெயரைக் கொடுத்திருக்கிறார், தாய் தகப்பன் வந்து கதையுங்கள் என்று மின்னஞ்சல் வந்த அன்று அவள் ஹோலில் கிடந்த செற்றியில் ஏறித் துள்ளினாள். மனைவி அவளை இறங்கச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, இவளின்ர வாயைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்லுறது?"

"கேக்க மாட்டினம்."

"கேப்பினம். கெட்டிக்காரப் பிள்ளையளின்ர வகுப்பு. ஒழுக்கம் பாக்காமலே எடுக்கப் போயினம்?"

அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. நாங்கள் இருவரும் படித்த பள்ளிக்கூடங்களில் கெட்டிக்காரப் பிள்ளை என்றால் முன்வாங்கில் கை கட்டி இருப்பது. கேட்டால் மட்டும் பதில் சொல்வது. அதிபர் வரும்போது முதலில் எழும்புவது. அந்தப் பிள்ளைக்குத்தான் பரிசளிப்பு விழாவில் மேடையில் இடம். உலகம் முழுக்க அப்படித்தான் என்று நாங்கள் எந்தச் சந்தேகமும் இல்லாமல் நம்பியிருந்தோம். ஆகவே மகளின் ஒழுக்கத்தில் ஒரு கீறலும் தெரியாமல் பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்தோம். நான் கழுத்தில் ரை கட்டினேன். மனைவி ஒரு பெட்டி தேயிலையை வடிவான தாளில் சுற்றி எடுத்துக்கொண்டாள். மகளுக்குக் கட்டளை: வெளியே வாங்கில் இரு, வாய் திறக்காதே.

மிஸ் சிரித்த முகக்காரி. நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தார். தேயிலையைக் கண்டு கொஞ்சம் குழம்பினாலும் நன்றி சொன்னார். பிறகு பேனையை எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

"உங்கள் மகள் வீட்டில் நிறையக் கேள்வி கேட்பாளா?"

மனைவி என்னைப் பார்த்த பார்வையில், நான் சொன்னேன்தானே என்று எழுதியிருந்தது. "இல்லை, இல்லை மிஸ். ஒன்றுமே கேட்க மாட்டாள். மிகவும் அமைதி."

"பெரியவர்களோடு வாதாடுவாளா?"

"ஒருநாளும் இல்லை," என்றேன் நான். அன்று காலையில்தான், சப்பாத்தை எந்தக் காலில் முதலில் போடுவது என்பதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று என்னோடு வாதாடிப் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தியிருந்தாள்.

"பொருட்களைக் கழற்றிப் பார்ப்பாளா?"

"வீட்டுச் சாமான் எதையும் தொட மாட்டாள்." என் மனைவியின் குரல் இந்த இடத்தில் கொஞ்சம் இறங்கியது. போன கிழமைதான் அவளுடைய ரைஸ் குக்கர் துண்டு துண்டாக மேசையில் கிடந்தது.

"ஒரே வேலையில் மூழ்கிப்போய், கூப்பிட்டாலும் கேட்காமல் இருப்பாளா?"

"ஒரு தரம் கூப்பிட்டால் வந்து நிற்பாள் மிஸ்."

"சலித்துப் போவாளா?"

"அதற்கு நாங்கள் விடுவதில்லை."

மிஸ்ஸின் பேனை ஆரம்பத்தில் ஆயத்தமாக இருந்தது. இப்போது சும்மா கிடந்தது. கடைசி முயற்சியாக, "நகைச்சுவை உணர்வு எப்படி? வித்தியாசமாக ஏதும் சொல்லிச் சிரிப்பாளா?" என்று கேட்டார்.

"சிரிக்க மாட்டாள்," என்றாள் மனைவி உறுதியாக.

சரி, எதில்தான் அவள் திறமைசாலி என்று மிஸ் கேட்டார். அதற்கு நாங்கள் இருவரும் சேர்ந்தாற்போல் தலையைக் குனிந்தோம். சொந்தப் பிள்ளையை வெளி ஆளிடம் புகழ்ந்தால் கண்ணூறு படும். யாரும் பிள்ளையைப் பற்றி நல்லதாகச் சொன்னால்கூட, "எங்க அன்ரி, ஏதோ படிக்கிறாள்" என்று சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம். அதையே நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஏதோ பரவாயில்லை மிஸ், எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான். மிஸ் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பேனையை மூடினார். கலியாணப் பேச்சுக்கு வந்த மாப்பிள்ளை வீட்டாரை அசத்திவிட்ட பெண் வீட்டாரைப்போல நாங்கள் எழும்பி வந்தோம்.

கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. மகள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது காரில் தெரிந்தது. வழக்கம்போல ஆங்கிலத்தில்தான் கேட்டாள்.

"அப்பா, நீங்கள் யாரைப் பற்றிக் கதைத்தீர்கள்?"

"உன்னைப் பற்றித்தான் பிள்ளை."

"இல்லை. அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியாது."

மனைவி முன்னாலிருந்து, "எல்லாம் உன்ர நன்மைக்குத்தான்" என்றாள். மகள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பதில் ஒரு கிழமையில் வந்தது. உங்கள் மகள் மகிழ்ச்சியாகவும் ஒழுங்காகவும் தன் வகுப்போடு பொருந்திப்போயிருக்கிறாள், இப்போதைக்கு அவளுக்குத் தனி வகுப்பு தேவையில்லை என்று நினைக்கிறோம். என் மனைவி 'ஒழுங்காகவும்' என்ற இடம் வரைக்கும் வாசித்துவிட்டுச் சந்தோசப்பட்டாள். மிச்சத்தை நான் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே அவள் அழுகிற சத்தம் கேட்டது. எங்களுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. இவ்வளவு நல்ல பிள்ளையை ஏன் எடுக்கவில்லை?

விளங்கவைத்தது பக்கத்து வீட்டுப் பெண். தமிழ்நாட்டுக்காரர், அவருடைய மகன்தான் புதன் வகுப்புக்குப் போய் என் மகளுக்கு ஆசை காட்டிய அந்தப் பெடியன். வேலியோரம் நின்று என் மனைவி நடந்ததை ஒப்புவிக்க, அவர் கையிலிருந்த துணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டார்.

"அய்யய்யோ! என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க? கேள்வி கேக்குறது, எதிர்த்துப் பேசுறது, எல்லாத்தையும் பிரிச்சுப் போடுறது, அதைத்தாங்க அவங்க தேடுறாங்க! நான் போனப்போ எம் புள்ளையோட சேட்டையெல்லாம் ஒண்ணுவிடாம சொன்னேன். இல்லாததையும் ரெண்டு சேர்த்துச் சொன்னேன்."

"அதெல்லாம் குழப்படியெல்லோ?" என்றாள் என் மனைவி.

"ஆமா. அதுக்குத்தான் இங்க தனி கிளாஸ் வெச்சிருக்காங்க."

பத்து வருடமாக நாங்கள் அடக்கப் பார்த்ததை எல்லாம் இந்த ஊர்க்காரர் தேடித் திரிகிறார்கள் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? எனக்கு வந்தது. மிஸ் மேல் கோபம், இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று. ரை கட்டிக்கொண்டு போய்ச் சொந்தப் பிள்ளையின் இடத்தைப் பறிகொடுத்த என் மேலும் கோபம். அடுத்த நாள் மிஸ்ஸுக்கு எழுதினேன், நாங்கள் மகளைப் பற்றிச் சொன்னது எல்லாம் பிழை, இன்னொரு தரம் வரலாமா என்று. அப்படி ஒரு மின்னஞ்சல் அவருக்கு முன்னும் வந்திருக்காது, பின்னும் வராது. வரச் சொன்னார்.

இந்த முறை மகளையும் உள்ளே கூட்டிப்போனோம். ஆரம்பிக்க மனைவிக்குக் கூச்சமாக இருந்தது. வீட்டுக் குறையை வெளியில் சொல்வது அவளுக்குப் பழக்கமில்லை. நான்தான் ரைஸ் குக்கர் கதையை எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான், பிறகு அவளை நிறுத்த முடியவில்லை.

குக்கருக்குள் சோறு வெந்தது அதற்கு எப்படித் தெரியும் என்று பார்க்க இவள் கழற்றினாள், மிஸ். திரும்பப் பூட்டினாள், வேலை செய்கிறது, ஆனால் ஒரு ஆணி மிச்சம். கோயிலில் ஐயரிடம் போய், சாமிக்கு எங்களுடைய மொழி விளங்காதா, நீங்கள் ஏன் மொழிபெயர்க்கிறீர்கள் என்று கேட்டாள். எங்கள் வீட்டுக்கு வருகிற அன்ரி ஒருவர் "போட்டு வாறன்" என்று விடைபெற்றுவிட்டு வாசலில் நின்று நெடுநேரம் கதைப்பார். இவள் போய் அவருக்குக் கதிரை எடுத்துப் போட்டு, "அன்ரி, இருந்து போங்கோ, இன்னும் நேரம் எடுக்கும்போல கிடக்கு" என்றாள். அந்த அன்ரி பிறகு வரவில்லை. ஒரு விதத்தில் நல்லதுதான் மிஸ்.

மிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். பேனை ஓடியது. நான் என் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். முறைப்பாடு சொல்கிற பாவனையில்தான் சொன்னாள். முகம் மட்டும் கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்டதுபோல மினுங்கியது. இத்தனை வருடமும் ஏசிக்கொண்டே ஒவ்வொன்றையும் எவ்வளவு கவனமாகச் சேர்த்து வைத்திருக்கிறாள்! மகளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தாயின் வாயில் இருந்து தன்னைப் பற்றி இவ்வளவு நீளமாக அவள் அதுவரை கேட்டதில்லை.

பரீட்சைக்கு நாள் குறித்துத் தந்தார்கள். அன்று காலை உளவியலாளரின் அறை வாசலில் மகள் நின்றுவிட்டாள். எங்களோடு ஆங்கிலத்தில் மட்டுமே கதைக்கிற பிள்ளை, அறைக்குள் இருந்த ஆளுக்கு விளங்கக் கூடாது என்றோ என்னவோ, தமிழில் கேட்டாள்.

"அம்மா, எனக்கு இடம் கிடைக்காட்டி, நீங்கள் மிஸ்ஸிட்டச் சொன்னதெல்லாம் திரும்பக் குழப்படி ஆகிடுமா?"

"இல்லை," என்றாள் மனைவி. கேள்வி முடிவதற்கு முன்னமே சொன்னதுபோல் இருந்தது. மகள் அவளை ஒரு முறை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

இடம் கிடைக்கவில்லை.

உளவியலாளர் எங்களை இருத்தித் தன்மையாக விளக்கினார். யோசிக்கிற ஆற்றல் மிக நல்லது. ஆனால் வேகம் போதாது. நான்கு படங்களில் பொருந்தாதது எது என்று காட்டச் சொன்ன இடத்தில், நான்கில் எதையும் பொருந்தாதது என்று சொல்லலாம் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். நேரம் போய்விட்டது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கும்போது எல்லைக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. அவர் குரலில் வருத்தம் இருந்தது. மனைவி வழக்கப்படி "தாங்க் யூ, தாங்க் யூ" என்று சொல்லிக்கொண்டே எழும்பினாள். அவரிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வளர்ந்தவள்.

மகளுக்கு நான் சொன்னேன். அவள் அழவில்லை. "ஓகே" என்றாள்.

அன்று பின்னேரம் அவள் வீட்டுப்பாடம் செய்தாள். கூப்பிட்ட முதல் தரமே வந்து சாப்பாட்டுக் கோப்பைகளை மேசையில் வைத்தாள். புட்டும் மீன்குழம்பும். தலையைக் குனிந்தபடி சாப்பிட்டாள். எனக்குத் தண்ணீர் வார்த்துத் தந்தாள். மிஸ்ஸிடம் முதல் நாள் நாங்கள் விவரித்த பிள்ளை, ஒன்றும் கேட்காத, வாதாடாத, சிரிக்காத பிள்ளை, அப்படியே எங்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்திருந்தது. இப்படி ஒரு பயம் எனக்கு அவள் காய்ச்சலில் கிடந்தபோதுகூட வந்ததில்லை.

குழம்புச் சட்டியோடு நின்ற மனைவி அதை அப்படியே மேசையில் வைத்தாள்.

"ஏன் பிள்ளை ஒண்டும் கேக்கிறாயில்லை?"

"சாப்பிடுறன்."

"சாப்பிட்டபடி கேளன்."

மகள் நிமிர்ந்து தாயைப் பார்த்தாள். பகிடியா, பொறியா என்று அளக்கிற பார்வை. மனைவி கதிரையை இழுத்து அவளுக்கு எதிரே இருந்தாள். எங்கள் வீட்டில் அவள் பரிமாறி முடிப்பதற்கு முன் உட்காருவது அபூர்வம்.

"என்னவாம், கேள்."

மகள் கோப்பையில் இருந்த புட்டைக் கிண்டினாள். பிறகு தமிழிலேயே வந்தது, மெல்ல.

"மற்றப் பிள்ளையள் ஒரு மறுமொழி சொன்னவை. நான் நாலு சொன்னனான். நாலும் சரி எண்டு அவரே சொன்னவர். பிறகு ஏன் எனக்குக் குறைய?"

அம்மாவைக் கேள் என்று சொல்ல என் வாய் பழக்கத்தில் திறந்தது. நல்லவேளை, சத்தம் வரவில்லை. மனைவி அந்தக் கேள்வியை நேரம் எடுத்து யோசித்தாள். முகத்தில் முதலில் குழப்பம் வந்தது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கோபம்.

"எனக்குத் தெரியாது," என்றாள். "நாளைக்கு நான் வேலைக்கு லீவு சொல்லுறன். நாங்கள் ரெண்டு பேரும் போய் மிஸ்ஸிட்டக் கேப்பம்."